ஒற்றைக் கை மெஷினின் ஙொய்ய் சத்தம்

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, காபி ஆறுவதற்குள் ஒரு முடிவெடுத்தேன். இனி எங்கள் வீட்டில் எது கெட்டாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. நானே பிரிப்பேன். நானே பூட்டுவேன். பூட்டிய பிறகு மிச்சம் விழும் திருகுகளையும் நானே ஒளித்து வைப்பேன்.

என் மனைவி ரோவீனாவிடம் அறிவித்தேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சரி ஹார்லன். எதைக் கெடுக்கப் போறே?"

"கெடுக்கப் போறதில்ல. ரிப்பேர் பண்ணப் போறேன்."

"ரெண்டும் வேற வேறன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே."

ரிப்பேர் பண்ண வேண்டிய பொருள் பின்னறையில் நின்றுகொண்டிருந்தது. சூதாட்ட மெஷின். பக்கவாட்டில் ஒற்றைக் கை. அதைப் பிடித்து இழுத்தால் மூன்று சக்கரம் சுழலும், செர்ரிப் படமும் மணிப் படமும் ஓடும், ஒரே படம் வரிசையாக விழுந்தால் காசு, ஆனால் எதுவும் ஒன்று சேராமல் நிற்கும். நெடுஞ்சாலையோரம் இழுத்து மூடிய ஒரு விடுதியிலிருந்து வாங்கி வந்தேன். சூதாட்டம் சட்டப்படி நடக்கும் எங்கள் எல்கோ ஊரில் இந்த மெஷின் இல்லாத இடம் தேவாலயம் ஒன்றுதான். மளிகைக் கடையில் பால் வாங்கப் போனாலும் அது கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"கொல்லன் தெருவுலயே ஊசி வாங்கிட்டு வந்திருக்கியே," என்றாள் ரோவீனா, அது வந்து இறங்கிய அன்றைக்கு.

"இது நம்ம சொந்த மெஷின். இதுல தோத்தாலும் காசு நம்மகிட்டதான் இருக்கும்."

"ஜெயிச்சாலும் அப்படித்தானே?"

இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

அதிர்ஷ்டம் வரும் என்று வாங்கினேன். அதிர்வுதான் வந்தது. பிளக்கைச் செருகியதும் உள்ளே எங்கிருந்தோ 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். போத்தலில் மாட்டிய வண்டு ஜெபம் சொல்வது மாதிரி. நிற்காது. ஏறாது. இறங்காது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். பல்லைக் கடித்தால் பல்லிலும் கேட்கும்.

முதலில் பக்கத்து வீட்டு ஃபெர்மின் வந்தான். பாஸ்க் வம்சம், கடல் தாண்டி ஆடு மேய்க்க வந்த ஜனம். வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவன். உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் அவன் ஆட்டின் வழியாகத்தான் பார்ப்பான். மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தான். அதன் விலாவில் காதை வைத்தான்.

"வயித்து உப்புசம்," என்றான்.

"ஃபெர்மின், இது மெஷின்."

"ஆட்டுக்கு உப்புசம் வந்தா இதே சத்தம்தான். இங்க ஒரு குத்து விட்டா அடங்கிடும்."

சொல்லி முடிப்பதற்குள் குத்திவிட்டான். மெஷின் ஏப்பம் விட்டது. அடியிலிருந்து சில்லறை கொட்டியது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

"உப்புசம் இறங்கிடுச்சு. இது வேற வியாதி," என்று சில்லறையில் கொஞ்சம் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். வைத்தியர் கூலியாம்.

பிறகு நான் தனியாக உட்கார்ந்தேன். பின்கதவைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்குவது, ஒரு கம்பியைக் கழற்றுவது, திரும்ப பிளக்கைச் செருகுவது, காது கொடுப்பது. காசு தள்ளும் மோட்டாரைக் கழற்றினேன், ஙொய்ய். ஒலிபெருக்கியைக் கழற்றினேன், ஙொய்ய். சக்கரங்களைக் கழற்றினேன், ஙொய்ய். சமையலறையிலிருந்து ஒரு நீள மரக்கரண்டி எடுத்துவந்து, ஒரு முனையைப் பெட்டியில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துத் தேடினேன். அந்த நேரம் பார்த்து ரோவீனா எட்டிப் பார்த்தாள்.

"சூப் என்ன சொல்லுது?"

கரண்டியைக் கீழே போட்டேன். ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டேன். மெஷினின் நெற்றிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டியூப்லைட். அதன் சோக்கைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து, சோக் தகரத்தோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினேன். பழைய பூட்ஸ் அடியிலிருந்து ஒரு ரப்பர் துண்டு வெட்டிச் சோக்குக்கு அடியில் கொடுத்து, திருகை இறுக்கி, கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டினேன். பிளக்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது. அறை நிசப்தமாக இருந்தது.

என் வாழ்க்கையில் நான் தொட்டுச் சரியான முதல் பொருள் அது. மார்பு விம்மியது. வீட்டையே கூட்டிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ரோவீனா கையில் போனோடு உள்ளே வந்தாள்.

"மில்ட்ரெட் பேசினா. ஜூன் கடைசியில வர்றாளாம். கோடை முழுக்க நம்ம வீட்லதான். இந்த அறையைத்தான் குடுக்கணும்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மில்ட்ரெட் என் மனைவியின் அக்கா. பக்கத்து மாநிலத்துப் பாய்ஸியில் இருக்கிறாள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் சொன்னால் கேட்டுவிடும். அப்படிப்பட்ட காது. சென்ற முறை வந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டாள். நான் கோழிக்கறி மெல்லும் சத்தம் அவள் காதுக்குச் சரளைக்கல் லாரி மாதிரி கேட்கிறது என்று, எனக்கு மட்டும் ஒரு வாரம் கஞ்சி வைக்கச் சொன்னாள். ஃபெர்மின் வீட்டு ஆட்டு மணிகளுக்குப் பஞ்சு அடைத்தாள். அவனுடைய ஆடுகள் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு மலை மலையாகத் திரிந்தன.

சத்தம் ஆகாத மில்ட்ரெட். சத்தம் நின்றுபோன மெஷின். என் மூளையில் மூன்று செர்ரியும் ஒரே வரிசையில் விழுந்தன.

"வரட்டும் பாவம்," என்றேன். "ஆனா இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவா?"

"எந்தச் சத்தம்? இப்ப கேக்கலையே?"

"விட்டு விட்டு வருது," என்றேன்.

தாடி வெட்டும் ட்ரிம்மர் ஒன்று என்னிடம் உண்டு. பேட்டரியில் ஓடுவது. அதை ஒரு காலுறையில் போட்டு, மெஷினின் காசுப் பெட்டிக்குள் படுக்க வைத்து, சுவிட்சைத் தட்டினேன். ஙொய்ய். அசலைவிட அருமையாக இருந்தது. நாணயம் போட்டு ஆடும் மெஷினில், நாணயம் இல்லாத காரியத்தைப் போட்டேன்.

ரோவீனா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "ஆமா. வருது. அப்ப ஒண்ணு பண்ணு. மெஷினைத் தூக்கி கராஜுல வெச்சிடு."

இது என் திட்டத்தில் இல்லை. மெஷின் போனால் சத்தம் போகும். சத்தம் போனால் மில்ட்ரெட் வருவாள். அவசரத்தில் உலகத்தின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

"சத்தம் மெஷின்ல இருந்து வரலை ரோவீனா. இதோ பாரு," என்று பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். விளக்கு அணைந்தது. ட்ரிம்மர் என்ன கண்டது, அது பாட்டுக்குப் பாடியது.

ரோவீனா பிளக்கைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப சத்தம் வீட்லதான் இருக்கு," என்றாள் மெதுவாக.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"வீட்ல எங்கேன்னு கண்டுபிடிக்கணுமே. நல்லவேளை. இனிமே மெக்கானிக்கே வேணாம்னு நீ சபதம் வேற எடுத்துட்டே."

அன்று ஆரம்பித்தது.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வரலாம் என்றாள். இழுத்தேன். பின்னால் ஒரு தனி மாநிலமே இருந்தது. தூசியைச் சுரண்டி, தரையைக் கழுவி, ஆடிக்கொண்டிருந்த காலுக்கு முட்டுக் கொடுத்து, திரும்பத் தள்ளினேன்.

"இப்ப கேக்குதா?"

ரோவீனா பின்னறை வரை போய்விட்டு வந்தாள். "கேக்குது."

கேட்கத்தானே செய்யும். உண்மையைச் சொல்ல முடியாதவன் உளியைத்தான் எடுக்க வேண்டும். குழாய் சொட்டுவதால் இருக்கலாம் என்றாள். மூன்று கிறிஸ்துமஸாகச் சொட்டிய குழாய் அது, வாஷர் மாற்றினேன். ஜன்னல் கண்ணாடி தளர்ந்து அதிரலாம் என்றாள். வீட்டிலிருந்த எல்லா ஜன்னலுக்கும் விளிம்பில் மக்குப் பசை வைத்தேன். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் இலை அடைத்துக் காற்று ஊதலாம் என்றாள். ஏணியில் ஏறி இலையை வாரினேன். அதில் ஒரு குருவிக் கூடு, இரண்டு டென்னிஸ் பந்து, ஒரு காலத்தில் நான் தொலைத்த மூக்குக் கண்ணாடி. அதைப் போட்டுப் பார்த்தால் கூரை முழுக்கப் பழுதாகத் தெரிந்தது. போடாமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு அடியில், மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஊர்ந்து போய்ப் பார்க்கச் சொன்னபோதுதான் எதிர்த்துப் பேசினேன்.

"அங்க சிலந்தி இருக்கும்."

"சிலந்தி சத்தம் போடாது ஹார்லன். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு, அது பாட்டுக்கு அதோட வேலையைப் பார்க்கும். போறதுதான் போறே, அந்தக் குழாய்க்கெல்லாம் துணி சுத்திட்டு வந்துடு. குளிர்காலத்துல உறையாது."

"அதுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே போறே?"

இதற்கிடையில் இன்னொரு சங்கடம். ட்ரிம்மர் மெஷினுக்குள் வேலையில் இருந்ததால் தாடியைக் கவனிக்க ஆளில்லை. அது தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. ஃபெர்மின் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான்.

"கிடாவா விடப் போறியா உன்னை?"

"பாஸ்க் திருவிழாவுக்காக வளர்க்கிறேன்."

"நான்தான் பாஸ்க். நான் ஷேவ் பண்ணியிருக்கேன்."

ஒரே ஒரு ஆறுதல், அந்த ட்ரிம்மர். வாங்கிய அட்டைப்பெட்டியில் போட்டிருந்த விவரத்தைவிடப் பல மடங்கு உழைத்தது. நான் சார்ஜ் போட மறந்த நாளிலும் புதுசு மாதிரி பாடியது. நல்ல பொருள் வாங்கியிருக்கிறோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் மாட்டிக்கொண்டேன். ரோவீனா கடைக்குப் போன நேரம். ட்ரிம்மரை வெளியே எடுத்து, காலுறையை மாற்றிக்கொண்டிருந்தேன். பணப்பையை மறந்துவிட்டேன் என்று அவள் திரும்பி வந்து நின்றாள். சட்டென்று ட்ரிம்மரைக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். போட்ட வேகத்தில் சுவிட்சு தட்டிக்கொண்டது.

ஙொய்ய்.

ரோவீனா மெஷினுக்குப் பக்கத்தில் போய்க் காது கொடுத்தாள். சுவருக்குக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் நடந்து வந்தாள். நெருங்க நெருங்க அவள் புருவம் ஏறியது.

"ஹார்லன். சத்தம் உன்கிட்ட இருந்து வருது."

"என்கிட்டயா?"

"உன் கால்சட்டையில இருந்து."

தொடை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. குரலும் சேர்ந்து அதிர்ந்தது. "ரொம்ப நாளா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனா, கரண்ட் உடம்புல ஏறியிருக்கும்னு நினைக்கிறேன்."

இதை ஒரு பச்சைக் குழந்தைகூட நம்பாது. ரோவீனா நம்பினாள். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"ஐயோ பாவம். அது இறங்கணுமே. எர்த் ஆகணும். செருப்பைக் கழட்டு."

"எதுக்கு?"

"வெறுங்காலோட ஈர மண்ணுல நிக்கணும். சும்மா நின்னாலும் இறங்காது. கையில இரும்பு இருக்கணும். இரும்பு மண்ணுல இறங்கணும். மண்வெட்டி கராஜுல இருக்கு. உருளைக்கிழங்குப் பாத்திக்கு எப்படியும் கொத்தணும்."

வெறுங்காலோடு நின்று கொத்தினேன். தொடையில் ஙொய்ய். அவள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால் சுவிட்சை அணைக்க வழியில்லை. ஃபெர்மின் வேலியில் தாடையை வைத்து நின்றான்.

"என்ன பண்றே?"

"எர்த் ஆகுறேன்."

"ஆடு கூட இப்படிப் பண்ணி நான் பார்த்ததில்லை," என்றான்.

இரண்டு பாத்தி முடிந்த பிறகுதான் பேட்டரிக்கு உயிர் போனது. ரோவீனா ஜன்னலைத் திறந்து, "இறங்கிடுச்சா?" என்றாள். இறங்கிவிட்டது என்றேன். இன்னொரு பாத்தி போடு, மிச்சம் மீதி இருந்தால் இறங்கட்டும் என்றாள்.

அதற்கடுத்த வாரம் விஷயம் எல்லை தாண்டியது. சொல்லப்போனால் வேலி தாண்டியது. நம் வீட்டில் எல்லா இடமும் பார்த்தாயிற்று, சத்தம் ஃபெர்மினின் ஆட்டுக் கொட்டகையிலிருந்து மண்ணுக்கடியில் வருகிறதோ என்னவோ என்றாள். நான் தலையில் கை வைத்தேன். ஃபெர்மினோ அப்படியே ஒப்புக்கொண்டான்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றான். "என் கூரைத் தகரத்துல ஒரு பக்கம் ஆணியே இல்லை. அதுவாத்தான் இருக்கும்."

"நீதானே உப்புசம்னு சொன்னே?"

"அது மெஷினுக்கு. இது வீட்டுக்கு."

கொட்டகைக் கூரை முழுக்க ஆணி அடித்தேன். கீழே அவன் ஆடுகள் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்தன. அவை மட்டும்தான் அன்று என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஃபெர்மின் ஓர் ஆட்டுத்தொடை கொண்டுவந்து கொடுத்தான். பூண்டு போட்டு வறுத்து ரோவீனா பரிமாறினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நல்ல அண்டை வீட்டார், நல்ல மனைவி என்று எனக்குக் கண் கலங்கியது. பூண்டும் கொஞ்சம் கூடுதல்.

ஜூன் கடைசி வந்தது. வீட்டைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கதவுகள் கிறீச்சிடவில்லை. குழாய்கள் சொட்டவில்லை. மாடிப்படிக் கைப்பிடி ஆடவில்லை. கடைசியில், சுவருக்குள் சத்தம் புகும் துளைகள் அடைபடும் என்று ரோவீனா சொன்னதால், முன்னறைக்கு இரண்டு கை பெயின்டும் அடித்திருந்தேன். இவ்வளவு நிசப்தமான வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி. அது என் சத்தம். என் சொந்தச் சத்தம். அத்தனை பாடும் அந்த ஒரே காரியத்துக்காகத்தான். மில்ட்ரெட் வருவாள், பின்னறையில் கால் வைப்பாள், காதைப் பொத்துவாள், அதே காரில் திரும்புவாள்.

காலையிலேயே ட்ரிம்மரை முழுசாகச் சார்ஜ் செய்து, காலுறைக்குள் போட்டு, காசுப் பெட்டியில் படுக்க வைத்தேன். நல்ல சட்டை போட்டேன். கழுத்தை மறைக்க ஆரம்பித்த தாடியைச் சீவி, சோகமான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வாசலில் நின்றேன்.

உள்ளிருந்து ரோவீனா வந்தாள். இரண்டு கையிலும் இரண்டு பெட்டி.

"இதைக் காருல ஏத்து."

"மில்ட்ரெட் பெட்டியா? அவ இன்னும் வரவே இல்லையே?"

"அவ வரலை."

சோகமான முகம் நழுவி விழுந்தது. உள்ளுக்குள் மூன்று செர்ரியும் மறுபடி ஒரே வரிசையில் நின்றன. "வரலையா? அடடா. எப்ப சொன்னா?"

"நீ பிளக்கைப் பிடுங்கிக் காட்டினியே, அதுக்கு மறுநாள்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்கு முன்பு. குழாய்க்கு முன்பு. வீட்டுக்கடிச் சிலந்திகளுக்கு முன்பு. எர்த்துக்கு வெகு முன்பு.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா குழாயை யார் மாத்தியிருப்பா?"

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அதுவும் நான் புதிதாக ஆணி அடித்த படிதான். ஆடவில்லை.

"அப்ப அந்தச் சத்தம்..." என்றேன்.

"உன் ட்ரிம்மர். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பாடுற மெஷின் என்ன மெஷின்? குளியலறையில போய்ப் பார்த்தேன், அது இருந்த இடம் காலி. அப்புறம் நீ சார்ஜ் போட மறந்தப்பெல்லாம் நான்தான் போட்டு வெச்சேன். சத்தம் நின்னுட்டா நீயும் வேலையை நிறுத்திடுவியே."

"ஃபெர்மினுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா ஆட்டுத்தொடை குடுத்தான்?"

வேலிக்கு அந்தப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். ஆடு இல்லை.

தோற்றுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டதே. மில்ட்ரெட் வரவில்லை. கோடை முழுக்க என்னுடையது. மெல்லலாம், இருமலாம், மெஷினின் கையை இழுத்துக்கொண்டு கிடக்கலாம். எழுந்து பெட்டியை வாங்கினேன்.

"சரி போகட்டும். இது எதுக்கு? ஏரிக்கரைக்கா? நாலு நாள் எங்காவது போய்ட்டு வரலாமா?"

"பாய்ஸிக்கு," என்றாள் ரோவீனா, கார்க் கதவைத் திறந்துகொண்டே. "மில்ட்ரெட் வீட்ல எங்க இருந்தோ ஒரு சத்தம் வருதாம், அது தெரியாம வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாளாம், அதான் வரலை. எத்தனை மாசம் ஆனாலும் கண்டுபிடிக்காம ஹார்லன் அந்த வீட்டை விட்டு நகரமாட்டார்னு சொல்லியிருக்கேன்."